மருத்துவரின் வயதும் ஓபியாய்டு வலிநிவாரணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதான மருத்துவர்கள் ஓபியாய்டு மாத்திரைகளை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றும், இளம் மருத்துவர்கள் கைநடுங்கிக் கொடுக்க மறுக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது; ஆனால் அதற்குக் காரணம் வயதுதானா என்பது வேறு கேள்வி. இது பற்றிய ஆய்வுகளில் பெரும்பான்மை அமெரிக்காவில் நடந்தவை என்பதால் கீழே உள்ள ஆண்டுகளும் எண்களும் பெரும்பாலும் அந்த நாட்டைச் சேர்ந்தவை.

ஓபியாய்டு என்று எந்த மருந்துகளைச் சொல்கிறோம்?

அபினிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் மார்ஃபின், கோடீன், அவற்றை ஒட்டி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன், முழுக்க முழுக்கச் செயற்கையான ஃபென்டனில், டிராமடால் முதலியவை இந்த வகையில் அடங்கும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வலியுணர்வைக் குறைக்கும் இவை, அதே வழியில் மூச்சையும் மந்தமாக்கும். அளவு மீறினால் உயிர் போவது அதனால்தான். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவை ஓபியாய்டுகள் அல்ல.

வயது கூடிய மருத்துவர்கள் உண்மையிலேயே அதிகமாக எழுதுகிறார்களா?

சராசரியைப் பார்த்தால், நெடுங்காலம் தொழிலில் இருக்கும் மருத்துவர்களின் பெயரில் அதிக ஓபியாய்டுச் சீட்டுகள் பதிவாவதைப் பல அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இந்த வேறுபாடு எல்லாத் துறைகளிலும் ஒரே அளவில் இல்லை. குடும்ப மருத்துவரைப் பற்றிய முடிவை அறுவை மருத்துவருக்கோ அவசர சிகிச்சை மருத்துவருக்கோ அப்படியே பொருத்திவிட முடியாது.

சராசரியைவிடக் கவனிக்க வேண்டியது, மருத்துவருக்கு மருத்துவர் உள்ள இடைவெளி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் குடும்ப மருத்துவர்களைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களை எழுதும் அளவின்படி ஐந்து சம பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தது. மேல் பிரிவினர் கீழ்ப் பிரிவினரைக் காட்டிலும் சுமார் 55 மடங்கு அதிகமாக ஓபியாய்டு எழுதியிருந்தார்கள். அமெரிக்கத் தனியார் காப்பீட்டுத் தரவுகளை வைத்து 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 2017-ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட மொத்த ஓபியாய்டு அளவில் 49 சதவீதம், அதிகம் எழுதும் 1 சதவீதத்தினரிடமிருந்து வந்தது தெரிந்தது. இந்த 1 சதவீதத்தில் வலி சிகிச்சை நிபுணர்களும் இருக்கக்கூடும் என்பதால் அவர்கள் எல்லோரும் தவறு செய்கிறார்கள் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் இத்தனை பெரிய வேறுபாட்டை வயது என்ற ஒரே அளவுகோல் விளக்கிவிடாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு மருத்துவர்களுக்கு இடையிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்க முடியும்.

வயதா, படித்த காலமா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். மூன்று மருத்துவர்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒருவர் 1974-இலும், அடுத்தவர் 1998-இலும், மூன்றாமவர் 2018-இலும் பயிற்சியை முடித்தவர்கள்.

1974-இல் முடித்தவர் கற்றது அச்சம். ஓபியாய்டு என்றாலே அடிமைத்தனம் என்று அன்றைய மருத்துவமனைகள் எண்ணின. புற்றுநோய் முற்றியவருக்குக்கூட மார்ஃபின் போதுமான அளவில் தரப்படவில்லை. அந்த நிலையை மாற்றத்தான் 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிநிலை வழிகாட்டியை வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே 1980-களின் தொடக்கத்தில் யாராவது இதே கேள்வியை ஆராய்ந்திருந்தால், வயது கூடியவர்கள் குறைவாகவே எழுதுகிறார்கள் என்ற விடைகூடக் கிடைத்திருக்கலாம்.

1998-இல் முடித்தவர் கற்றது இதற்கு நேர்மாறானது. இதன் வேர் 1980-இல் இருக்கிறது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அந்த ஆண்டு ஒரே பத்தியில் அடங்கும் கடிதம் ஒன்று வெளியானது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாத நால்வரிடம் மட்டுமே அது புதிதாகத் தோன்றியதாக அந்தக் கடிதம் கூறியது. மருத்துவமனையில் செவிலியரின் கண்காணிப்பில் சில நாள் பெற்ற மருந்தைப் பற்றிய அந்தக் குறிப்பு, வீட்டில் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைக்கும் பொருந்தும் என்பதுபோல் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளானது. 2017-இல் அதே இதழில் வந்த கணக்கெடுப்பு, 608 மேற்கோள்களைப் பரிசீலித்து, அவற்றில் 72 சதவீதம் அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே அக்கடிதத்தைக் காட்டின என்று கண்டறிந்தது. இதற்கிடையே 1986-இல், புற்றுநோயல்லாத வலிக்கு ஓபியாய்டு பெற்ற வெறும் 38 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றும் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு ஆதரவாக எடுத்தாளப்பட்டது. 1995 டிசம்பரில் ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கு அனுமதி கிடைத்து, மறு ஆண்டு அது சந்தைக்கு வந்தது. அதை விற்ற பர்டூ நிறுவனத்தின் துணை அமைப்பும் மூன்று உயர் அதிகாரிகளும், அடிமையாகும் ஆபத்தைப் பற்றித் தவறான தகவல் பரப்பியது தொடர்பான வழக்கில் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் குறிக்க வேண்டும் என்ற இயக்கமும் அதே காலத்தில்தான் வலுத்தது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2001-இல் வலி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தச் சூழலில் கைபழகிய ஒருவர் தாராளமாக எழுதினால், அவர் தமக்குச் சொல்லித்தந்ததைச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

2018-இல் முடித்தவர் நுழைந்தபோது காற்று மறுபடி திசை மாறியிருந்தது. 2012-இல் அமெரிக்காவில் 25.5 கோடிக்கும் மேற்பட்ட ஓபியாய்டுச் சீட்டுகள் எழுதப்பட்டன, உச்சம் அதுவே. 2016 மார்ச்சில் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், நாள்பட்ட வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கொள்வதைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கமும் அதே ஆண்டில் கூறியது. இந்த மருத்துவர் தம் முதல் சீட்டை எழுதும்போதே எதிரே எச்சரிக்கைப் பலகை நின்றது.

இன்று முதலாமவர் ஓய்வு பெற்றிருப்பார். இரண்டாமவர் ஐம்பதைத் தாண்டியிருப்பார். மூன்றாமவர் முப்பதுகளில் இருப்பார். வயதோடு ஒட்டியதாகத் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி இப்படிக் காலண்டரிலிருந்து வந்திருக்கிறது.

அப்படியானால் வயதின் விளைவையும் காலத்தின் விளைவையும் பிரித்துவிடலாமே?

முழுதாகப் பிரிக்க முடியாது. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதே வயது; மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக நின்றுவிடும். எனவே ஒரே ஆண்டின் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு, அறுபது வயதுக்காரர் அதிகமாக எழுதுவது மூப்பினாலா, 1990-களில் பயின்றதாலா என்று எந்தக் கணக்கு முறையாலும் அறுதியாகச் சொல்ல இயலாது. ஒரே மருத்துவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் தரவு இருந்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

நோயாளிகள் வேறு வேறாக இருப்பது கணக்கைப் பாதிக்காதா?

மிகவும் பாதிக்கும். முப்பது ஆண்டுகளாக ஒரே மருத்துவமனையில் இருப்பவரின் நோயாளிகளும் அவரோடு சேர்ந்தே முதுமை அடைகிறார்கள். மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டுச் சிதைவு, புற்றுநோய் என வலி தரும் நோய்கள் அவர்களிடம் அதிகம்.

சிறு கணக்கு ஒன்று. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இரண்டு மருத்துவர்களுக்கும் தலா 1,000 நோயாளிகள். இருவருமே நாள்பட்ட வலி உள்ளவர்களில் 40 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் ஓபியாய்டு தருகிறார்கள். அதாவது இருவரின் முறையும் அச்சு அசலாக ஒன்றே. மூத்தவரிடம் நாள்பட்ட வலி உள்ளவர்கள் 300 பேர். அதனால் 120 பேரும், எஞ்சிய 700-இல் 35 பேரும் சேர்ந்து 155 பேர் மருந்து பெறுகிறார்கள். இளையவரிடம் நாள்பட்ட வலிக்காரர்கள் 100 பேர் மட்டுமே. 40 பேரும், எஞ்சிய 900-இல் 45 பேரும் சேர்ந்து 85. மருத்துவர் வாரியாக எண்ணும் அறிக்கையில், மூத்தவர் கிட்டத்தட்ட இரு மடங்கு எழுதுபவராகத் தோன்றுவார்.

இன்னொன்றும் உண்டு. பழைய நோயாளிக்கு மாதந்தோறும் புதுப்பிக்கும் சீட்டும், இதுவரை ஓபியாய்டையே தொடாதவருக்கு எழுதும் முதல் சீட்டும் பதிவேட்டில் ஒரே மாதிரி ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. முன்னது எப்போதோ எடுத்த முடிவின் தொடர்ச்சி. பின்னதுதான் இன்று எடுக்கும் முடிவு. இரண்டையும் பிரிக்காத ஆய்வை நான் சற்று ஐயத்தோடுதான் வாசிப்பேன்.

எழுதும் அளவை எப்படி அளக்கிறார்கள்?

சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மூன்று நாளுக்கான பத்து மாத்திரையும் ஒரு சீட்டு, ஒரு மாதத்துக்கான தொண்ணூறு மாத்திரையும் ஒரு சீட்டு. அதனால் ஒவ்வொரு மருந்தின் வீரியத்தையும் மார்ஃபினுக்குச் சமமான மில்லிகிராமாக மாற்றிக் கணக்கிடுவது வழக்கம். வாய்வழி ஆக்சிகோடோனுக்குப் பெருக்கும் எண் 1.5, ஹைட்ரோகோடோனுக்கு 1. பத்து மில்லிகிராம் ஆக்சிகோடோனை நாளுக்கு மூன்று வேளை எடுப்பவர், மார்ஃபின் கணக்கில் 45 மில்லிகிராம் எடுக்கிறார். ஐந்து மில்லிகிராம் ஹைட்ரோகோடோனை நான்கு வேளை எடுப்பவர் 20 மில்லிகிராம் எடுக்கிறார். நாளொன்றுக்கு 50-ஐத் தொடும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்று 2016 வழிகாட்டுதல் கூறியது.

எந்தக் கல்லூரியில் படித்தார் என்பது வயதைவிட முக்கியமா?

அதற்கும் கணிசமான பங்கு இருப்பதாகத் தெரிகிறது. 2006 முதல் 2014 வரையிலான சீட்டுகளை ஆராய்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் இருவர், ஹார்வர்டில் பயின்ற பொது மருத்துவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 180 ஓபியாய்டுச் சீட்டுகளும், தரவரிசையில் கடைசியில் உள்ள கல்லூரிகளில் பயின்றவர்கள் சுமார் 550-உம் எழுதியதைக் கண்டார்கள். கல்லூரியின் தரவரிசை மருத்துவரின் திறமையை அளப்பதாக இதை வாசிக்கக்கூடாது; வெவ்வேறு கல்லூரிகளில் பயின்றவர்கள் வெவ்வேறு பகுதிகளில், வெவ்வேறு வகை நோயாளிகளிடையே பணிபுரிகிறார்கள். ஆய்வாளர்கள் இதையும் கருத்தில் கொண்டு, ஒரே இடத்தில் பணிபுரிபவர்களை ஒப்பிட்டபோதும் வேறுபாடு நீடித்தது. பயிற்சியில் எது சொல்லித்தரப்படுகிறது என்பது நெடுநாள் கையில் தங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று குறைவு.

பொதுவாகவே வயதாக ஆக மருத்துவரின் தரம் குறைகிறதா?

2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முன்பு நடந்த 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை, பணியாண்டுகள் கூடக் கூட அறிவும் வழிகாட்டுதலைப் பின்பற்றுவதும் குறைவதாகக் காட்டின. 2017-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் உள்ள முதியோரைப் பற்றிய ஆய்வில், நாற்பதுக்குக் குறைந்த மருத்துவர்கள் பார்த்த உள்நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தோர் 10.8 சதவீதம், அறுபதும் அதற்கு மேலும் ஆன மருத்துவர்களிடம் 12.1 சதவீதம். ஆனால் ஆண்டுதோறும் ஏராளமான நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களிடையே இந்த வேறுபாடு காணப்படவில்லை. கை ஓயாமல் இருப்பவருக்கு வயது அவ்வளவாக ஒரு பொருட்டல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

யார் எழுதினாலும் ஒரு சீட்டுதானே? அதனால் நோயாளிக்கு என்ன வந்துவிடப்போகிறது?

அவசர சிகிச்சைப் பிரிவில் யார் பார்ப்பது என்பதை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை. அன்று பணியில் இருப்பவர் பார்ப்பார். இந்தத் தற்செயலைப் பயன்படுத்தி 2017-இல் ஓர் ஆய்வு, ஒரே மருத்துவமனையில் தாராளமாக எழுதுபவரிடமும் சிக்கனமாக எழுதுபவரிடமும் சென்ற முதியோரை ஒப்பிட்டது. முதல் வகை மருத்துவர்கள் 24.1 சதவீத வருகைகளில் ஓபியாய்டு எழுதினார்கள். இரண்டாம் வகையினர் 7.3 சதவீதத்தில். அடுத்த ஓராண்டில் நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் போனவர்கள் முதல் பிரிவில் 1.51 சதவீதம், இரண்டாவதில் 1.16 சதவீதம். பார்வைக்குச் சிறிய இடைவெளிதான். இலட்சக்கணக்கான வருகைகளால் பெருக்கினால் சிறியதாக இராது.

முதல் சீட்டின் நாள்கணக்கும் முக்கியம். அதே ஆண்டில் வந்த மற்றொரு பகுப்பாய்வில், முதல் முறை குறைந்தது ஒரு நாளுக்காவது மருந்து பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் தொடர்ந்தவர்கள் 6 சதவீதம். எட்டு நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 13.5 சதவீதம்; 31 நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களில் 29.9 சதவீதம். கடும் வலி உள்ளவர்களுக்கே அதிக நாளுக்குத் தரப்படும் என்பதால் முழுப் பழியையும் சீட்டின் மேல் போடமுடியாது. இருந்தாலும், நோயாளி மறுபடி அலைய வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் கூடுதலாக எழுதிக்கொடுக்கும் பழைய வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இது போதிய காரணம்.

களைப்பு, நேர நெருக்கடி போன்றவை?

உண்டு. புதிதாக வலி ஏற்பட்டு வந்த நோயாளிகளின் சுமார் 6.8 இலட்சம் வருகைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், அன்றைய முதல் சில நோயாளிகளில் 4.0 சதவீதத்தினருக்கு எழுதப்பட்ட ஓபியாய்டு, கடைசி சிலருக்கு வரும்போது 5.3 சதவீதமாகியிருந்தது. அதே மருத்துவர், அதே நாள். மாறியது நேரம் மட்டுமே.

நெடுநாள் பழக்கமுள்ள மருத்துவர்களால் மாற முடியுமா?

முடியும், அதுவும் பெரிய அறிவுரை எதுவும் இல்லாமலே. சான் டியேகோவில் நடந்த ஒரு பரிசோதனையில், தாம் மருந்து எழுதித்தந்த நோயாளி அளவு மீறிய மருந்தால் இறந்துவிட்டார் என்ற செய்தியை, பழிகூறாத நடையில், ஒரு கடிதமாக மருத்துவர்களுக்கு அனுப்பினார்கள். கடிதம் பெற்றவர்களின் ஓபியாய்டு அளவு அடுத்த மூன்று மாதங்களில் 9.7 சதவீதம் குறைந்தது. 2018-இல் வெளியான இந்த முடிவில் எனக்கு மிகவும் உறைத்தது, பலருக்கு அதுவரை அந்த மரணமே தெரிந்திருக்க வழியில்லை என்பதுதான். சீட்டு எழுதும் கை, அதன் பின்விளைவைக் காண்பதே இல்லை.

இன்னும் எளிய வழி ஒன்றும் பலன் தந்தது. இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளின் கணினியில், ஓபியாய்டு எழுதும் கட்டத்தில் தானாக நிரம்பும் மாத்திரை எண்ணிக்கையைப் பத்து என்று வைத்தார்கள். மருத்துவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். பத்து மாத்திரைச் சீட்டுகளின் பங்கு 20.6 சதவீதத்திலிருந்து 43.3 சதவீதமாக உயர்ந்தது.

சட்டமும் தன் பங்குக்கு நுழைந்திருக்கிறது. 2023 ஜூன் 27 முதல், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதப் பதிவு பெறும் அமெரிக்க மருத்துவர்கள், அடிமையாதல் சிகிச்சை குறித்து ஒருமுறை 8 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அண்மையில் பட்டம் பெற்றவர்கள் கல்லூரியிலேயே அதைப் படித்திருந்தால் போதும். வேறு வார்த்தையில் சொன்னால், இளையவர்கள் பாடத்தில் கற்றதை மூத்தவர்கள் எட்டு மணி நேரத்தில் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

குறைவாக எழுதும் இளம் மருத்துவரே சிறந்தவர் என்று கொள்ளலாமா?

கூடாது. 240 நோயாளிகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஒரு பரிசோதனை, நாள்பட்ட முதுகுவலிக்கும் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலிக்கும், ஓராண்டு முடிவில் ஓபியாய்டு மற்ற மருந்துகளைவிட மேலானதாக இல்லை என்று காட்டியது உண்மை. ஆனால் புற்றுநோய் வலி, வாழ்வின் இறுதி நாட்கள், பெரிய அறுவைக்குப் பிந்தைய சில நாட்கள் ஆகியவற்றில் ஓபியாய்டுக்கு ஈடில்லை. அங்கேயும் தயங்குபவர், 1974-இல் கற்றவரின் பழைய தவறையே புதிய காரணத்தோடு செய்கிறார்.

அத்துடன், சீட்டு குறைந்தால் சாவு குறையும் என்ற எளிய கணக்கும் பொய்த்துவிட்டது. 2020-இல் சீட்டுகள் சுமார் 14.2 கோடியாகச் சரிந்திருந்தன. ஆனாலும் 2021-இல் ஓபியாய்டு தொடர்பான மரணங்கள் 80,000-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சட்டவிரோதமாகத் தயாரான ஃபென்டனில்.

மருத்துவரை வயது பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

வேண்டாம். சீட்டு கையில் வந்ததும் சில கேள்விகளைக் கேட்பது மேல்: இது எத்தனை நாளுக்கு? வலி குறைந்தால் நானே நிறுத்தலாமா? ஓபியாய்டு அல்லாத மருந்தை முதலில் முயன்று பார்க்கலாமா? நான் எடுத்துக்கொள்ளும் தூக்க மாத்திரையோடு இது சேருமா? மீதமாகும் மாத்திரையை எங்கே ஒப்படைப்பது? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் எந்த வயதிலும் இருப்பார்.

பல ஆண்டுகளாக ஓபியாய்டு எழுதிவந்த என் மூத்த மருத்துவர் ஓய்வு பெறுகிறார். புதிதாக வரும் இளையவர் அதைத் தொடர மறுத்தால்?

தலைமுறை வேறுபாடு நோயாளியை நேரடியாகச் சுடும் இடம் இதுதான். மிச்சிகனில், ஓபியாய்டு எடுத்துவரும் நோயாளிபோல் தொலைபேசியில் பேசி 194 மருத்துவமனைகளை ஆய்வாளர்கள் சோதித்தபோது, 40.7 சதவீதம் அத்தகைய புது நோயாளியை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டன. 2019-இல் வெளியான முடிவு இது. நெடுநாள் எடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடுமையான விலகல் அறிகுறிகளும், வலி பெருகுவதும், தற்கொலை எண்ணமும் வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதே ஆண்டு ஏப்ரலில் எச்சரித்தது. 2016 வழிகாட்டுதலின் எண்களைச் சிலர் அசையாத வரம்பாக எடுத்துக்கொண்டதும் இந்த இக்கட்டுக்கு ஒரு காரணம். 2022 நவம்பரில் வந்த திருத்தப் பதிப்பு, அந்த எண்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த வேண்டியவை அல்ல என்பதைத் தெளிவாக்கியது.

எனவே மூத்த மருத்துவர் விடைபெறுவதற்கு முன்பே, மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய ஆண்டு, எதற்காகத் தொடங்கினார், முன்பு குறைக்க முயன்றபோது என்ன நேர்ந்தது ஆகியவற்றை அவர் கைப்பட ஒரு கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிய மருத்துவர் குறைக்க விரும்பினால், ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதையே 2022 பதிப்பு ஏற்கத்தக்க வேகமாகக் கூறுகிறது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். அவர் கையிலும் அந்த வழிகாட்டுதல் இருக்கும்.